பாதி டாக்டர் தலையாட்டிய காலை

அந்தத் தெருவில் யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் முதலில் போய் நிற்கிற இடம் ஆஸ்பத்திரி இல்லை, தெருமுனை மருந்துக் கடைதான். கடைக்கு முதலாளி என்று ஒருவர் உண்டு. அவர் உள்ளே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கடையை நடத்தியது கவுண்டரில் நின்ற மனிதர். முப்பத்தொரு வருஷமாக ஒரே இடத்தில் நின்று நின்று, அவர் காலடியில் இருந்த இரண்டு தரை ஓடுகள் மட்டும் நிறம் போய் வெளுத்துவிட்டிருந்தன. தெருக்காரர்கள் அவருக்குப் ‘பாதி டாக்டர்’ என்று பட்டம் கொடுத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே யாராவது சொன்னால், “அட, சும்மா இருங்க” என்பார். உள்ளுக்குள் கொள்ளை சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்லமாட்டேன். நாள் முழுக்கக் கால் கடுக்க நின்று பிழைக்கிற ஆளுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?

யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் அவர் எடுத்த எடுப்பில் மாத்திரையில் கை வைக்கமாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விசாரணை நடத்துவார். எத்தனை தடவை போச்சு? தண்ணியாவா, கெட்டியாவா? நேத்து என்ன சாப்பிட்டீங்க? இதற்கெல்லாம் பதில் வந்த பிறகு குரலைத் தாழ்த்தி, “இங்க வர்றதுக்கு முன்னாடி வேற ஏதாவது மருந்து போட்டீங்களா?” என்று கேட்பார். இந்த இடத்தில்தான் எல்லோரும் மழுப்புவார்கள். பக்கத்து வீட்டில் கொடுத்தது, போன வருஷம் மிச்சமானது, யாரோ சொன்ன பொடி என்று எதையாவது விழுங்கிவிட்டுத்தான் வந்திருப்பார்கள். அவர் விடமாட்டார். “மறைச்சீங்கன்னா எனக்கு ஒண்ணும் இல்ல. நான் தெரியாம ஒண்ணைக் குடுப்பேன், உங்க உடம்புதான் படும்” என்று கறாராகச் சொல்வார். அதற்குப் பிறகு மறைக்க யாருக்கும் தைரியம் வராது.

வீட்டில் அவர் மனைவிக்குத் தையல் வேலை. இரண்டு ஓட்டல்களுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுப்பாள். மூட்டை மூட்டையாக வெள்ளைத் துணி வரும், அடுக்கு அடுக்காக உறைகள் போகும். ஒரே மகன் வேலை கிடைத்து வெளியூர் போன வருஷம், அந்தத் துணி மூட்டைகளுக்கு நடுவே ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. உடம்பெல்லாம் வெள்ளை, நெற்றியில் மட்டும் வட்டமாக ஒரு கறுப்பு. தையல்காரி வைக்கிற பெயர் வேறென்னவாக இருக்கும்? பட்டன் என்று வைத்தாள். அது வளர்ந்து, தையல் மிஷினின் மிதிக்குப் பக்கத்தில் தலையை வைத்துப் படுக்கும். மிதி ஏறி இறங்கும்போது அதன் காது லேசாக உரசும். உரசினால்தான் அதற்குத் தூக்கமே வரும்போல. ஒன்பது வருஷம் அந்தச் சத்தத்தில்தான் தூங்கியது.

மகன் போன பிறகு அவளுக்குப் பேச்சுத் துணை என்றால் பட்டன்தான். கணவர் காலை எட்டரைக்குப் போனால் சாயங்காலம் ஏழுக்கு வருவார். வந்தாலும் ஊரார் வயிற்றுக் கதையைத்தான் அளப்பார். அவள் பட்டனிடம் துணியைக் குறை சொல்லுவாள், ஓட்டல்காரனைத் திட்டுவாள், மகன் ஏன் இந்த வாரம் போன் பண்ணவில்லை என்று நியாயம் கேட்பாள். எல்லாவற்றையும் அது தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொள்ளும். “உங்களைவிட நல்லாக் கேக்குது” என்று கணவரிடமே சொல்லிக் காட்டுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பட்டனுக்குக் காதில் சீழ் வந்தது. நம் பாதி டாக்டர் சும்மா இருப்பாரா? மனிதர்களுக்கு விடுகிற காதுச் சொட்டு மருந்தைக் கடையிலிருந்து கொண்டுவந்து இரண்டு சொட்டு விட்டார். அது அலறிக்கொண்டு வீடெல்லாம் ஓடி, சுவரில் தலையை முட்டி, கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. இரண்டு நாள் வெளியே வரவில்லை. மனைவிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“இனிமே மனுஷ மருந்து ஒண்ணையும் அது வாயிலயோ காதுலயோ வைக்கக் கூடாது. வாக்குக் குடுங்க.”

“சரி, வைக்கல.”

“சரின்னா போதாது. என்கிட்ட கேக்காம வைக்கமாட்டேன்னு சொல்லுங்க.”

சொன்னார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

இந்தக் கதை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தொடங்குகிறது. பட்டன் மிஷினுக்குக் கீழிருந்து எழுந்து வந்து, கூடத்து நடுவில் நின்று, முதுகைக் கூனிக்கொண்டு வாந்தி எடுத்தது. முதலில் முந்தின நாள் சோறு. பிறகு வெறும் மஞ்சள் தண்ணீர். மனைவி துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் இன்னொரு தடவை.

“என்னங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடலாம்.”

“பதறாத. நாய்னா அப்பப்ப வாந்தி எடுக்கத்தான் செய்யும். இன்னிக்கு ஒண்ணும் போடாத. வயித்துக்கு ஓய்வு குடு. தண்ணி மட்டும் கொஞ்சம் கொஞ்சமா வை.”

இதில் தப்பு ஒன்றும் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் யாரும் அதைத்தான் சொல்லுவார்கள். அவரும் நிம்மதியாகக் கடைக்குப் போனார். ஆனால் சாயங்காலம் வந்து பார்த்தபோது கூடத்தில் ஈரத் துணிகள் நான்கு காய்ந்துகொண்டிருந்தன. வாளி பக்கத்திலேயே இருந்தது. குடித்த தண்ணீரைக்கூட அது வெளியே தள்ளியிருந்தது. மனைவியின் முகம் வீங்கியிருந்தது.

“காலையில கேட்டேன்ல. நாளைக்கு முதல் வேலையா டாக்டரம்மாகிட்ட போறோம்” என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவர் தேவலாம் என்று நினைத்திருப்பார்.

ஊரில் இருக்கிறவர்களின் வாந்தியை எல்லாம் நிறுத்தி அனுப்பியவர் அவர். கைக்குழந்தை முதல் கிழவர்வரை, “நிறுத்திக் குடுங்க” என்று கேட்டு வந்தவர் யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. தன் வீட்டுக் கூடத்தில் ஒரு ஜீவன் குடலைப் பிடுங்கிக்கொண்டு நிற்க, கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதா? அவள் குளிக்கப் போன நேரம். சட்டைப் பையில் வாந்தி நிறுத்துகிற மாத்திரை இருந்தது. கடையிலிருந்து கிளம்பும்போதே எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார் என்பதை நான் மறைப்பானேன். ரொட்டித் துண்டை உருட்டி, நடுவில் ஒன்றை வைத்துப் பட்டனிடம் நீட்டினார். அது வாங்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு வாந்தி நின்றுவிட்டது. “பாத்தியா, ஓய்வு குடுத்ததும் சரியாப் போச்சு” என்று அவர் சொல்ல, அவளும் நம்பினாள். மறுநாள் காலையில், எதற்கும் இருக்கட்டும் என்று, அவள் பால் வாங்கப் போன இடைவெளியில் இரண்டாவது மாத்திரையும் போயிற்று. அவர் கணக்குப்படி இனி டாக்டரிடம் போகத் தேவையே இல்லை. அவள்தான் கேட்கவில்லை. “நின்னாலும் பரவாயில்ல. ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம். என் மனசுக்கு.”

நாய் டாக்டர் அந்தப் பக்கத்துக்குப் புதிது. சைக்கிள் கடைக்கு மாடியில் இரண்டு அறை எடுத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சின்ன வயசு. சுவரில் சுண்ணாம்பு வாசம்கூட இன்னும் போகவில்லை. தகரத் தகடு போட்ட மேஜையில் பட்டனை ஏற்றி நிறுத்தி, ஈறை அழுத்திப் பார்த்தார், வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார். அமுக்கும்போது பட்டன் வயிற்றை இறுக்கிக்கொண்டது. டாக்டரம்மா கையை எடுக்காமல் யோசித்தார்.

“எலும்பு, கொட்டை, துணி, பொம்மைன்னு ஏதாவது முழுங்கியிருக்குமா?”

“தெரியலியே டாக்டர். மாடிப்படிக்குக் கீழ குப்பைக் கூடை இருக்கு. அங்க மூஞ்சிய விடும்” என்றாள் மனைவி.

“வாந்தி எப்ப நின்னுது?”

“நேத்து சாயங்காலம். தானா நின்னுடுச்சு.”

“மாத்திரை, டானிக்னு ஏதாவது குடுத்தீங்களா?”

அவர் தொண்டையில் பதில் தயாராக இருந்தது. வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். “ஐயோ, இல்ல டாக்டர். இவரு மருந்துக் கடையிலதான் இருக்காரு. ஆனா மனுஷ மருந்து ஒண்ணும் குடுக்க விடமாட்டேன். எனக்கு வாக்கே குடுத்திருக்காரு.” சொல்லும்போது அவர் தோளைப் பெருமையாகத் தொட்டாள். டாக்டரம்மா அவரைப் பார்த்தார்.

அவர் தலையாட்டினார்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷம் எத்தனையோ பேரை அதே கேள்வியால் மடக்கியவர், தன் முறை வந்தபோது தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அவர்மேல் பிரியம் உண்டு. அதனால்தான் இதை எழுதும்போது கை கூசுகிறது.

“அடைப்பா இருந்தா வாந்தி இப்படித் தானா நிக்காது” என்றார் டாக்டரம்மா. “வயிறு கொஞ்சம் இறுக்கமா இருக்கு. பயந்துபோயும் இறுக்கும். படம் எடுத்துப் பார்க்கலாம், ஆனா அந்த மிஷின் ஊருக்கு அந்தக் கோடியில இருக்கு. இந்த உடம்போட அலைக்கழிக்க வேணாம். குழைஞ்ச சோறு, உப்பில்லாம, ரெண்டு ஸ்பூன் ரெண்டு ஸ்பூனாக் குடுங்க. திரும்ப வாந்தி வந்தாலோ, சாப்பிடவே இல்லைன்னாலோ உடனே தூக்கிட்டு வாங்க.” தன் கைபேசி எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அடைப்பாக இருந்தால் தானாக நிற்காது. அந்த வாக்கியம் அவர் காதுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. படி இறங்கும்போது ஒரு தடவை நின்றார். “என்ன, குடை விட்டுட்டோமா?” என்றாள் மனைவி. “இல்ல, ஒண்ணும் இல்ல” என்றார். பட்டனை அவர்தான் தூக்கிக்கொண்டிருந்தார். அதன் வயிறு அவர் கைக்குக் கல்லாகத் தெரிந்தது. பயத்தால்தான் என்று டாக்டரே சொன்னாரே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் செய்ததுதான் மன்னிக்க முடியாதது. அவரே பின்னால் அப்படித்தான் சொன்னார். திரும்ப வாந்தி வந்தால் மனைவி பதறுவாள், டாக்டரிடம் ஓடுவாள், அங்கே மறுபடி அதே கேள்வி வரும். வாந்தி வராமல் இருந்தால் கேள்வியும் வராது. அப்படி நினைத்துத்தான் கொடுத்தேன் என்று அன்று அவர் தன்னிடம்கூட ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்பதுதானே முறை, முறையைப் பாதியில் விடக் கூடாது என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டு, அவள் மாடி வீட்டுக்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது மூன்றாவது மாத்திரையைக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வாந்தி இல்லை. சோறும் இல்லை. மனைவி விரலில் குழைத்து ஈறில் தடவினாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. முன்னங்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் பதித்து, பின்பக்கத்தை மட்டும் உயர்த்திக்கொண்டு நின்றது. அப்படியே வெகுநேரம் நின்றது. எதிரே எதையோ பார்த்து எச்சில் முழுங்கிக்கொண்டே இருந்தது. வயிற்று வலி வந்தால் மனிதர்களும் குனிந்துதான் நிற்பார்கள். கவுண்டருக்கு முன்னால் அப்படிக் குனிந்து நின்றவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார். பார்த்ததும் புரிந்தது. புரிந்ததால்தான் அதன் பக்கம் போகாமல் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“டாக்டருக்குப் போன் பண்ணட்டுமா?” என்றாள் அவள்.

“வாந்திதான் இல்லையே. ஞாயித்துக்கிழமை அவங்களைத் தொந்தரவு பண்ணணுமா? நாளைக்குக் காலையில நானே போய்க் கேட்டுட்டு வர்றேன்.”

அவர் சொன்னால் அவளுக்கு அப்பீல் கிடையாது. மருந்து விஷயத்தில் ஊரே அவர் பேச்சைக் கேட்கும்போது அவள் மட்டும் கேட்காமல் இருப்பாளா? மதியம் மகன் போன் பண்ணினான். போனைப் பட்டன் முகத்துக்கு நேரே காட்டினாள். மகன் கூப்பிட்ட குரலுக்கு அது காதை மட்டும் அசைத்தது. “டயர்டா இருக்குடா, வேற ஒண்ணும் இல்ல. டாக்டர்கிட்ட காட்டியாச்சு” என்று தைரியம் சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் அவர் போனார், பொய் இல்லை. எட்டு மணிக்கே சைக்கிள் கடை மாடிப்படி ஏறினார். கதவில் பூட்டு, பத்து மணிக்கு என்று அட்டை தொங்கியது. டாக்டர் கொடுத்த சீட்டு வீட்டில், மனைவியின் ஊசி டப்பாவில் இருந்தது. மூடிய கதவுக்கு முன்னால் நின்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தார்: டாக்டர், ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன். மறந்துட்டேன் என்று சொல்லலாம், அதில் ஒன்றும் குறைந்துபோகாது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் வந்து கட்டாயம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு கடைக்குப் போனார். திங்கட்கிழமை என்றால் கடையில் தலைக்கு மேல் வேலை.

பதினொன்றரைக்குக் கடைப் போன் அடித்தது. முதலாளி எடுத்து, “உங்க வீட்ல” என்று நீட்டினார். அவள் அழவில்லை. “என்னங்க, எழுந்து நிக்க மாட்டேங்குது. நாக்கெல்லாம் வெளுத்துப்போச்சு. நான் தூக்கிட்டுப் போறேன். நீங்க நேரா அங்க வந்துடுங்க” என்றாள்.

அவர் போய்ச் சேர்ந்தபோது உள் அறைக் கதவு மூடியிருந்தது. மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு தலையணை உறைகள். பட்டனை அவற்றில் சுற்றித்தான் தூக்கி வந்திருந்தாள். ஒன்றரை மணி நேரம் இருவரும் அந்தப் பெஞ்சிலேயே இருந்தார்கள். கீழே சைக்கிள் கடையில் காற்றடிக்கிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. டாக்டரம்மா வெளியே வந்தபோது கையுறையைக் கழற்றியிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

“மாங்கொட்டை” என்றார். “குடல்ல மாட்டி, அந்த இடமே கறுத்து ஓட்டையாயிடுச்சு. எடுத்தேன். ஆனா தாங்கல. எவ்வளவோ பார்த்தேன்.” பிறகு, யாரிடம் என்றில்லாமல், “வாந்தி நின்னிருக்கவே கூடாது. எப்படி நின்னுதுன்னு எனக்குப் புரியல” என்றார்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போதாவது சொல்லியிருக்கலாம்.

பட்டனைப் புதைத்துவிட்டு வந்த பிறகு வீடு வெறிச்சென்று ஆயிற்று. மனைவி மிஷினில் உட்காருவாள், ஒரு உறை தைப்பதற்குள் எழுந்துவிடுவாள். ஓட்டல் மூட்டை பிரிக்காமல் கிடந்தது. வாசலில் நிழலாடினால் நிமிர்ந்து பார்ப்பாள். துக்கம் அப்படியே இருந்திருந்தால் அவர் அதோடு சேர்ந்து மெல்ல மெல்ல அழிந்திருப்பார், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் துக்கம் ஒரு வாரத்தில் கோபமாக மாறியது. கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் கைக்கு எட்டும் தூரத்தில் சைக்கிள் கடை மாடியில் இருந்தாள்.

“வயிறு இறுக்கமா இருக்குன்னு அவ வாயாலயே சொன்னா. அன்னிக்கே ஒரு படம் எடுக்க அனுப்பியிருந்தா என் பட்டன் இன்னிக்கு உயிரோட இருக்கும்” என்று மாடி வீட்டுக்காரம்மாவிடம் சொன்னாள். பால்காரரிடம் சொன்னாள். துணி மூட்டை கொண்டுவருகிற ஓட்டல்காரப் பெண்ணிடம் சொன்னாள். நாய் வைத்திருக்கிற வீடு எது எது என்று தேடிப் போய்ச் சொன்னாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? பதினைந்தே நாளில் பேச்சு கைகால் முளைத்து அவருடைய கவுண்டருக்கே வந்து நின்றது.

“அந்த மாடி டாக்டர்கிட்ட போக வேணாமாமே. உங்க வீட்டு நாயையே கொன்னுட்டாளாமே?” என்று கேட்டாள், பூனைக்கு மருந்து விசாரிக்க வந்த ஒருத்தி. அவர் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு எதை நறுக்க வந்தோம் என்று மறந்து நின்றார். அன்றைக்கு வீடு திரும்பும்போது வேண்டுமென்றே சைக்கிள் கடை வழியாகப் போனார். மாடியில் விளக்கு எரிந்தது. காத்திருக்கிற பெஞ்சு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அதில் யாரும் இல்லை. டாக்டரம்மா மட்டும் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

“மேலதிகாரிக்கு எழுதிப் போடணும். அவ லைசென்ஸைப் பிடுங்கணும். இன்னொரு வீட்ல இப்படி நடக்கக் கூடாது. எனக்குக் கோர்வையா வராது. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க.”

அவர் உட்கார்ந்தார். தேதி போட்டார். மதிப்பிற்குரிய ஐயா என்று எழுதினார். அவள் எதிரே நின்றுகொண்டு, இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததை ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். எங்கள் நாய்க்கு வயது ஒன்பது. வெள்ளிக்கிழமை காலை வாந்தி எடுத்தது. சனிக்கிழமை காட்டினோம். அவர் பிசகாமல் எழுதிக்கொண்டே வந்தார். பேனா ஒழுங்காகத்தான் ஓடியது.

“அடுத்தது எழுதுங்க. எந்த மருந்தும் கொடுக்கவில்லை என்று நானும் என் கணவரும் தெளிவாகச் சொன்னோம்.”

பேனா ‘நானும்’ வரை வந்து நின்றது.

“எழுதுங்க.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “குடுத்தேன்” என்றார்.

“என்ன?”

“மாத்திரை. வாந்தி நிக்கிறதுக்கு. நீ குளிக்கப் போனப்போ. அதுதான் நிறுத்திச்சு. தானா நிக்கல. அந்தப் பொண்ணு கேட்டப்போ நீ முந்திக்கிட்டே. நான் தலையாட்டிட்டேன்.”

அவள் நின்றபடியே இருந்தாள். நாற்காலி பக்கத்தில்தான் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை.

“எத்தனை?”

“மூணு. டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ரெண்டு. வந்த பிறகு ஒண்ணு.”

“வந்த பிறகுமா?”

“ஆமா.”

தெருவில் யாரோ பழைய இரும்பு கேட்டுக் கூவிக்கொண்டு போனார்கள். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். எதையாவது எடுத்து எறிந்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். இருபத்தொன்பது வருஷத்தில் அவர் அவளிடம் சொன்ன பொய்கள் எல்லாம் சின்னச் சின்னவை, சிரித்துத் தள்ளக்கூடியவை. இது அப்படி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவள் அந்தத் தாளை அவர் கைக்குக் கீழிருந்து உருவினாள். கிழிப்பாள் என்று நினைத்தார். கிழிக்கவில்லை. திருப்பி, எழுதாத பக்கத்தை மேலே வைத்து, பேனா மூடியைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.

“அந்தப் பொண்ணுக்கு எழுதுங்க. நடந்ததை நடந்தபடி. நான் ஊரெல்லாம் போய்ச் சொன்னதையும் எழுதுங்க. நாளைக்கு நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு, யார் யார்கிட்ட சொன்னேனோ அவங்ககிட்டயும் போய்ச் சொல்லிட்டு வர்றேன்.”

அவர் எழுத ஆரம்பித்தார். இந்த முறை அவள் சொல்லித்தரவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, எழுத்து ஒவ்வொன்றாக விழுவதைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் மாத்திரை. குளியலறையில் தண்ணீர் ஓடிய நேரம். ரொட்டித் துண்டு. இரண்டாவது. தகர மேஜை, கேள்வி, தலையாட்டியது. மூன்றாவதற்கு வந்தபோது வரிகள் கோணலாயின. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

“கடைசியா குடுத்தீங்களே” என்றாள் அவள். “அப்போ அதுக்கு வலி இருந்திருக்கும்ல.”

“இருந்திருக்கும்.”

“குடுத்தப்போ வாலாட்டிச்சா?”

அவர் தலை நிமிரவில்லை.

“ஆட்டிச்சு.”

“அதையும் எழுதுங்க” என்றாள்.

எழுதினார்.